இடது இறக்கை பிடித்தவர்

இல்-பிசார்
பெப்ரவரி 3, 2025

இஞ்சாருங்கோ,

போனை எடுக்கிறீர்கள் இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். தபாலில் வந்தால் உங்கள் அண்ணையாவது பிரித்துப் படிக்கச் சொல்லுவார் என்றுதான் எழுதுகிறேன்.

சுகமா என்று கேட்கும் அளவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் விலா நோ குறைந்துவிட்டது. நான் பறக்கச் செய்த இறக்கைதான் சட்டம் முறிந்து, சீலை கிழிந்து கராஜில் கிடக்கிறது. இது மூன்றாம் முறை. முதல் இரண்டும் என் பிழை. இது உங்கள் பிழை. நான் கத்தினதும் வலப்பக்கம் தம்பி கஜீவன் விட்டுவிட்டான். இடப்பக்கம் நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டே ஓடினீர்கள்? ஒரு பக்கம் பிடிபட்டால் அது சுழன்று விழாமல் என்ன செய்யும்?

இத்தனை வருஷம் தொழிற்சாலையில் மற்றவர்களின் விமானங்களுக்கு ரிவெட் அடித்தேன். முதன்முதலில் பறக்கப் பார்த்தவர்கள் செய்தது போல, எஞ்சின் இல்லாமல், மரத்திலும் சீலையிலும் ஒன்றை நானே செய்து, ஒரு தடவையாவது நிலத்தை விட்டு எழும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அவர்கள் விழுந்தார்கள், ஒட்டுப் போட்டார்கள், திரும்ப மேடேறினார்கள். அவர்களுக்கு இறக்கை பிடித்தவர்கள் கோபித்துக்கொண்டு அண்ணை வீட்டில் போய் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

சிவாஜினி


நோத்ர-டாம்-த-கிரேஸ்
பெப்ரவரி 9

சிவாஜினிக்கு,

கடிதத்தை அண்ணை பிரிக்கவில்லை, அண்ணி பிரித்தா. சிரித்து முடித்துத்தான் என்னிடம் தந்தா.

நீர் என்ன கத்தினீர்? "விடு!" என்று கத்தினீர். கலியாணம் கட்டின நாளிலிருந்து ஒருநாளாவது என்னை வா, போ, விடு என்று சொன்னீரா? சண்டையிலும் "விடுங்கோ"தான். கஜீவன் உமக்கு இளையவன், அவனுக்குச் சொல்லுகிறீர் என்று நினைத்தேன். எனக்கு உரியது பின்னால் வரும் என்று பிடித்துக்கொண்டே ஓடினேன். அதற்குள் நீர் பனிக்குள் தலைகீழ்.

எழும்பி என்ன செய்தீர்? உமக்கு என்ன ஆச்சோ என்று நான் ஓடி வருகிறேன், நீர் இறக்கையைத் தடவிப் பார்க்கிறீர். பிறகு எல்லார் முன்னாலும் "உங்களுக்குக் காது கேக்காதோ?" என்று கேட்டீர். அதுதான் வந்துவிட்டேன்.

உம்முடைய அந்த ஆட்களில் எத்தனை பேர் கட்டிலில் செத்தார்கள் என்பதையும் கொஞ்சம் படியும்.

பேரின்பநாதன்


இல்-பிசார்
பெப்ரவரி 15

இஞ்சாருங்கோ,

காற்றுத் தூக்கும் நேரத்தில் "ங்கோ" போட எனக்கு எங்கே மூச்சு? மரியாதையையா குறைத்தேன், சொல்லைத்தானே குறைத்தேன்! கஜீவனின் மனைவி வித்தியாவுக்குச் சொன்னேன். தேத்தண்ணீர் புரைக்கேறும் வரை சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. பட்ட பாடெல்லாம் ஒரு "ங்கோ"வில் முறிந்து கிடக்கிறதே.

சட்டங்களைத் திரும்ப ஒட்டிவிட்டேன். மார்ச் முதலாம் திகதி, சனிக்கிழமை, லவால் பண்ணைச் சரிவுக்குக் கொண்டு போகிறோம். பனி கரைந்தால் விழுவதற்கு மெத்தை இல்லை. வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி.

சிவாஜினி


நோத்ர-டாம்-த-கிரேஸ்
பெப்ரவரி 22

சிவாஜினிக்கு,

நான் வரவில்லை. கோபம் போய்விட்டது, பயம்தான் போகவில்லை. நீர் பனிக்குள் கிடந்ததைப் பார்த்த பிறகு, எந்தச் சொல்லைச் சொன்னாலும் என் கை விடாது. திரும்பவும் என்னால்தான் விழுவீர். வித்தியாவைப் பிடிக்கச் சொல்லும். அங்கே நின்று பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

முடிந்ததும் எனக்குப் போன் எடும். பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

பேரின்பநாதன்


இல்-பிசார்
மார்ச் 2

இஞ்சாருங்கோ,

பறந்துவிட்டேன். நான் சொன்னவுடன் வித்தியா விட்டாள். காலுக்குக் கீழே பனி விலகிப் போனது. வேலி வரை போய் மெதுவாக இறங்கினேன். கஜீவனுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அவன் எடுத்த வீடியோவை உங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன் எடுக்கச் சொன்னீர்கள். மனம் வரவில்லை. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. எனக்கும் பயம்தான், பயத்தோடுதான் ஓடினேன். நீங்களும் பயத்தோடு வந்து ஒரு கரையில் நின்றிருக்கலாம். இறக்கை பிடிக்க ஆள் கிடைத்தது. இறங்கின பிறகு யாரைப் பார்ப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுத் திறப்பு உங்களிடம் இருக்கிறது, வருவது உங்கள் விருப்பம். கோடையிலும் பறப்பேன், அதை யாரும் வந்து பார்க்கலாம். முதல் தடவையை மட்டும் இனி உங்களுக்குக் காட்ட என்னால் ஏலாது.

சிவாஜினி