பியூஸ் உன் சட்டைப் பையில் இருந்தது

காலையில் பக்கத்து வீட்டில் யாரோ சீப்பில் சிக்கிய முடியைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். இந்த ரிங்லெட் மலையூரின் ஈரக்காற்றில் அந்த வாடை சன்னல் வழியாக வந்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியை வைத்துவிட்டேன். உன் புருவம் கருகிய வாடை அதுதான், மச்சான். நீ போய்ச்சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகும் அது என்னைத் தேடி வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாம் இருவரும் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மழைமாதத்தில் ஒருமுறை, இலை உலர்த்தும் டிரையருக்குச் சூடு கொடுக்கும் டீசல் அடுப்பு மூன்று நாளாகப் பற்றவில்லை. மோட்டார் சுற்றும், எண்ணெய் தெளிக்கும், தீப்பொறி மட்டும் வராது. சூடு இல்லாததால் மாடியில் இலை வாட்டும் பெரிய காற்றாடியான பேனையும் நிறுத்தியிருந்தார்கள். இலை புளிக்கத் தொடங்கிவிட்டது. தோட்டத்துத் துரை வாசல்வரை வந்து வந்து முறைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூடுபனி தொழிற்சாலைக்குள்ளேயே புகுந்தது. பத்தடிக்கு அப்பால் நின்றவர்கள் கால் இல்லாதவர்களைப் போலத் தெரிந்தார்கள். நீ அடுப்பின் சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். கையில் துணியோடு அடுப்பின் வாய்க்குள் தலையை நுழைத்துப் பொறிக்கம்பிகளைத் துடைத்தாய். நான் டார்ச் அடித்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டிக், டிக், டிக். கரண்டே இல்லாத அடுப்புக்குள் நீலப்பொறி ஓடியது. எண்ணெயில் நனைந்த துணி குப்பென்று பற்றியது. உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துணியை உதறிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாய். இடது புருவம் இல்லை.

"யாருடா சுவிட்ச் போட்டது?" என்று கத்தினாய்.

சுவிட்ச் இறங்கியபடியேதான் இருந்தது. உள்ளே பொறி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. தூள் சலிக்கும் லெட்சுமி அக்கா சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்தார். "இங்கனயே செத்தாரே, அடுப்பெரிச்ச அந்தப் பழைய பயர்மேன், அவருதான்! வாங்கடி, வெளிய போயிரலாம்!" நொடியில் தொழிற்சாலை காலியானது. பனிக்குள் நீயும் நானும் அந்தச் சத்தமும்தான்.

நீ எழுந்தாய். "பேயா இருந்தாலும் அதுக்கு ஒரு வயர் வேணும்லா," என்றாய்.

டெஸ்ட் விளக்கோடு சுவர் ஓரமாகவே நடந்தாய். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் இறங்கிய வயர்க் குழாய்க்குள், அடுப்பின் வயர் அறுந்து, மாடி பேனின் வயரோடு ஒட்டிக்கிடந்தது. மேலே ஓடிக்கொண்டிருந்த பேனை என்னிடம் நிறுத்தச் சொன்னாய். சத்தமும் நின்றது; பேனின் கரண்ட்தான் அடுப்புக்குள் ஓடியிருந்தது. வயரை மாற்றினோம். சாயங்காலம் அடுப்பு பற்றியது. துரை உன் தோளைத் தட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீ தலையை உள்ளே விடுவதற்குச் சற்று முன், இலைக்கு வெறும் காற்றாவது படட்டுமே என்று பேனைப் போடச் சொல்லி மாடிக்கு ஆள் அனுப்பியவன் நான். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆறேழு வருடம் கழித்து, திரிங்காப் ஊருக்குப் போகும் லாரிக்காக நின்றபோது நீயாகவே கேட்டாய். "அன்னைக்கு பேன் போடச் சொன்னது நீதானே?"

நான் லாரி வரும் பக்கம் பார்த்தேன்.

"அன்னைக்கே தெரியும்லா. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

லாரி வந்தது. ஏறிவிட்டாய். பிறகு நீ அதைப் பற்றிப் பேசவேயில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த சுவிட்சைப் போடும் முன்பும் உரக்கக் கேட்கிறேன்: "போடப்போறேன், கை வெளியிலதானே இருக்கு?" நான் மட்டும் இருக்கும் இந்த வீட்டிலும்தான். கேட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் இருட்டிலேயே நிற்கிறேன்.