மூன்று தீவுகளுக்கு நடுவே

இன்சீன் ரயில் பணிமனைக்குப் போகிற எஞ்சின் ஒன்று இன்று காலையில் நம் வீட்டுப் பின்புறம் வெகுநேரம் நின்றுவிட்டது. காயப்போட்ட துணியெல்லாம் கரிப்புகை. இப்படி நடந்தால் எஞ்சின் ஓட்டுகிறவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று வாய் வரவில்லை. கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்துகொண்டே நின்றேன். கப்பலிலிருந்து இறங்கி வருகிற அன்று உங்கள் சட்டையில் அடிக்கும் அதே வாடை. பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா பார்த்துவிட்டு, தன் கொடித் துணியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரங்கூன் அரிசியை ஜாவாவுக்கு ஏற்றிப்போகும் கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் அடுப்புக்கு முன்னால் நின்று கரி வாரிப் போடுகிற வேலை உங்களுக்கு. வீட்டுக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். சோறு ஆறிய பிறகுதான் தட்டில் கை வைப்பீர்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பேச உட்கார்ந்தால் மட்டும் எரிமலை வேண்டும். சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே கப்பல் நுழைகிற நீரிணையில் இருக்கிற கிராக்கட்டோவா. அந்தப் பெயர் உங்கள் வாயில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். நான் சிரித்தால் கோபமும் வரும்.

தட்டிலேயே மலையைக் கட்டிக் காட்டுவீர்கள். சோற்றை நீளமாகக் குவித்து, மேலே மூன்று உச்சி பிடித்து வைப்பீர்கள். இரண்டு பக்கமும் இரண்டு அப்பளத் துண்டு. அவை பக்கத்துச் சின்னத் தீவுகள். இருநூறு வருஷம் அந்த மலை மூச்சுவிடாமல் கிடந்ததாம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றாம் ஆண்டு மே மாதம் புகைய ஆரம்பித்ததும், ஜாவாவின் பெரிய பட்டணமான பத்தாவியாவிலிருந்து துரைமார்கள் கப்பல் பிடித்து வேடிக்கை பார்க்க வந்தார்களாம். ஆகஸ்டில் வெடித்தது. பட்டப்பகல் இருட்டிப்போனது. கடைசியாக வெடித்த வெடி இந்துமகா சமுத்திரத்தின் மறுகோடித் தீவு வரைக்கும் கேட்டதாம். இதைச் சொல்லிக்கொண்டே நடுச்சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொள்வீர்கள். தீவின் பெரும்பகுதி கடலுக்குள் இடிந்து விழுந்து, எழும்பிய அலையில் கரையோர ஊர்களெல்லாம் போயின. முப்பத்தாறாயிரம் சனம். அந்த இடம் வரும்போது மட்டும் மெல்லாமல் இருப்பீர்கள். பிறகு குழிக்குள் ரசத்தை ஊற்றுவீர்கள். குழி கடலாகிவிடும். பெரிய தீவில் மிஞ்சியது அரிவாளால் பிளந்த மாதிரி ஒரு பாதி மலை. அதுவும் இரண்டு அப்பளமுமாகச் சேர்ந்து இப்போது மூன்று தீவு.

அவ்வளவு நெருப்பும் எங்கே போயிற்று என்று ஒருநாள் கேட்டேன். "அடியில தூங்குது. மேல தண்ணி ஜில்லுன்னு நிக்குது. அந்தக் காத்து மேல பட்டா, இறங்கி ஒரு முங்கு போடலாம்னு இருக்கும்" என்றீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரங்கு பாய் வீட்டுக்கு வந்தார். கப்பலில் உங்கள் கூட்டத்துக்கே தலைவர், வாசற்படி ஏறாமல் நின்றார். காற்றே இல்லாத ஒரு பிற்பகலில் அடுப்பு முன்னால் விழுந்தீர்களாம். மேல்தளத்துக்குத் தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். கரைக்குக் கொண்டுபோகக் கப்பல்காரர்கள் ஒப்பவில்லை. பாய்த்துணியில் சுற்றி, மூழ்குவதற்காக அடுப்பின் இரும்புக் கம்பிகளைக் காலில் கட்டி, மூன்று தீவும் தெரிகிற இடத்தில் கடலில் இறக்கினார்களாம். அடுப்புக் கம்பியையா என்று கேட்டேன். வேறு கனமாக எதுவும் கையில் அகப்படவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கிற நம் சனமெல்லாம் வந்து அழுதது. கொள்ளி வைக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் எல்லோருக்கும் அங்கலாய்ப்பு. ராக்கம்மா அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு பாத்த நெருப்பு போதாதா? விடுங்க, குளுகுளுன்னு கெடக்கட்டும்" என்று கத்திவிட்டேன். துக்க வீட்டில் இப்படியா பேசுவாள் என்று ஒரு மாதம் பேசினார்கள். பேசட்டும். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், தையல் மிஷினை மிதித்தேன். கோடையில் தகரக் கூரை காயும்போதெல்லாம், நீங்களாவது தண்ணீரில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. நான் நாலெழுத்துப் படித்தவள் என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது உண்டல்லவா. அன்றும் வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்று தீவுகளுக்கு நடுவே கடல் குமிழியிடுவதையும் ஆவி எழும்புவதையும் மீன்பிடிக்கிறவர்கள் கண்டார்களாம். பிறகு சாம்பல் திட்டு ஒன்று தலையைக் காட்டி, அலையில் கரைந்து போயிற்றாம். இந்த வருஷம் மறுபடியும் எழும்பி, மறுபடியும் போயிற்றாம். அடியில் மலை இன்னும் எரிந்துகொண்டிருக்கிறதாம். அதற்கு மேல் வாசிக்க முடியாமல் தாளை மடித்துவிட்டேன்.

ராக்கம்மா அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தியாடி, நாம வைக்காத கொள்ளிய பூமாதேவியே வச்சுட்டா" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. ஆனால் நாலு நாள் அவளோடு பேச்சில்லை. அவள் கொண்டுவந்து வைத்த மீன்குழம்பையும் தொடவில்லை.

சாரங்கு பாயின் கப்பல் வந்த அன்று துறைமுகத்துக்கே போனேன். நீங்கள் இருக்கிற இடத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டே ஆற்றின் பக்கம் திரும்பினார். நினைத்திருந்தால் ஒரு பொய்யைச் சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம்.

"கொதிக்குதும்மா. செத்த மீனா மெதக்குது. நாங்க வெலகித்தான் வந்தோம்" என்றார்.

அங்கேயே ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. பூமியில் எத்தனை கடல் இருக்கிறது. அடியில் நெருப்பு இருக்கிற கடலா உங்களுக்கு வாய்க்க வேண்டும்?

நமக்குப் பிள்ளையில்லை. அமாவாசைக்கு உங்களுக்கு நீர் விட ஒரு கை இல்லை. நான் விடுகிறேன் என்று கோயிலில் கேட்டதற்குப் பெண்பிள்ளை விடக்கூடாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். எனக்கும் மந்திரமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நீங்கள் கப்பலை விட்டு வந்ததும் கிணற்றடியில் குந்திக்கொள்வதும், நான் இறைத்து இறைத்து உங்கள் முதுகில் ஊற்றுவதும்தான். முதல் வாளி விழும்போது சின்னப் பிள்ளை மாதிரி ஆவென்று வாயைத் திறப்பீர்கள். போதும் என்று ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை. எனக்குத்தான் கை வலித்துப்போகும்.

அதனால் இப்போதெல்லாம் சாயங்காலம் ஒரு குடத்தில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறேன். யாராவது கேட்டால், சடங்கு கிடங்கு ஒன்றுமில்லை, வேலை முடிந்து வந்தவர் குளிக்க என்று சொல்லிவிடுவேன். இந்த ஆறு கடலுக்குப் போகிறது. கடல் அங்கேயும் போகிறது. அவ்வளவு தூரம் சூடாகாமல் வந்து சேருமா என்று தெரியவில்லை. இன்றைக்கும் போய் நிற்பேன். கொஞ்சம் குனியுங்கள், ஊற்றுகிறேன்.