தேர்வுக்கு ஒரு தலை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் என் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தீரவும் வேண்டாம், படித்தால் போதும்.

சிறையிலிருந்து வந்தவர்களும் குடியை விட்டவர்களுமாகப் பதினொரு பேர் இங்கே தொழில் படிக்கிறோம். நான் இரண்டு கணக்கிலும் சேர்த்தி. தையலை எடுத்திருந்தால் இந்நேரம் வேலை கிடைத்திருக்கும் என்கிறார் டீச்சர். நான் முடி வெட்டுவதை எடுத்தேன். ஏனென்று உனக்குத் தெரியும். குடித்துவிட்டு என் மகளைக் குளிப்பாட்டப் போய் நான் ஊற்றிய வெந்நீரில், அவள் காதுக்குப் பின்னால் முடி முளைக்காமல் போன அந்த இடம். அதை மறைக்கிற மாதிரி வெட்டுவதற்கு ஒரு வகை இருக்கிறது. பொம்மைத் தலையில் வெட்டி வெட்டிப் பழகிவிட்டேன். பொம்மை மொட்டையானதுதான் மிச்சம்.

மே பத்தாம் தேதி தேர்வு. ஒருவர் தலையை அலசி, வெட்டிக் காட்ட வேண்டும். அது நம் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். சொந்தக்காரரே நம்பிக் கண்ணை மூடிச் சாயாவிட்டால் ஊரார் எப்படிச் சாய்வார்கள் என்கிறார்கள். நீ வருவாயா அக்கா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு வேறு நாதியில்லை.

உன் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

கோபமெல்லாம் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

தேர்வைப் பற்றி வாண்டிடம் சொன்னேன். துள்ளிக் குதித்துவிட்டாள். “நான்தான் போவேன். அம்மா வெட்டினா வலிக்காது பெரியம்மா” என்றாள். வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

என்னைத் தலையைத் தொட விடமாட்டாள். சீப்பை எடுத்தாலே தோளைக் குறுக்கிக்கொள்வாள். காரணத்தை இதுவரை உனக்கு எழுதவில்லை. விவரம் தெரிந்து அவள் கேட்டபோது, வெந்நீரை ஊற்றியது நான்தான், கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். வெளியூரில் வேலை பார்க்கும் அம்மா அவளுக்கு நல்லவளாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். கடைசியில் எல்லாம் என் தலையில் விடிந்தது.

பத்தாம் தேதி அவளை அழைத்து வருகிறேன். இதை இப்படியே விட்டுவிடு.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் கத்தரியைத் தொடவில்லை. குடிக்க வேண்டும் போல இருந்தது. குடிக்கவில்லை.

அவள் வந்து, இந்தக் கை ஒன்றும் செய்யாத கை என்று நம்பி, தொட்டியில் கழுத்தைச் சாய்ப்பாள். நான் அவள் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். என்னால் முடியாது. என் பழியைச் சுமந்துகொண்டு ஆறு வருஷமாக என் பிள்ளையையும் வளர்த்திருக்கிறாய். உன் காலில் விழுந்தாலும் போதாது.

இத்துடன் இருக்கும் தாளை அவளுக்குப் படித்துக் காட்டு. “ஊற்றியது நான், குடித்திருந்தேன், அலறல் கேட்டு ஓடிவந்து உன்னைத் தூக்கியது பெரியம்மா, நான் போனது வேலைக்கு அல்ல, சிறைக்கு” என்று எழுதியிருக்கிறேன். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் வருவேன் என்றால் வரட்டும்.

உன் தங்கை

ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூடம் போகுமுன் சீப்பைக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தாள். சிக்கெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. எனக்குச் சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

அவள் வரமாட்டாள். நானாவது போய்வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “நீங்க போகாதீங்க, அவங்க தண்ணி ஊத்துவாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறிவிட்டு என்னால் வர முடியாது. என்னை மன்னித்துவிடு.

அவளாகக் கேட்கும்வரை நீ எழுத வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்டாள். உனக்குப் பதில் தெரிந்தாலும் இப்போது எழுதாதே.

“ஊத்துறதுக்கு முன்னாடி அம்மா ஏன் தண்ணியத் தொட்டுப் பாக்கல?”

அக்கா