நிழல் வைத்த நாலு எழுத்து

கூட்டாளி,

காஜா பெராங் சாலையில் அந்தப் பழைய காப்பிக்கடையை ஒரு சீனப் பெண் வாங்கியிருக்கிறாள். இன்று காலை வாசல் பலகையில் டர்பன்டைன் ஊற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. நாலைந்து பூச்சுக்குக் கீழே அது அப்படியே இருக்கிறதடா! கொழுக்கட்டை போல உப்பிய நாலு ஜப்பான் எழுத்து. சுற்றி வெள்ளைக் கோடு, வலப்பக்கம் கறுப்பு நிழல்.

ஜப்பான்காரன் வந்து இங்கிலீஷ் பலகைகளை அழிக்கச் சொன்ன காலம். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு ஊர் முழுக்க மொட்டை எழுத்தாக எழுதித் தள்ளினோம், நீயும் நானும். எனக்கு அலுத்துப்போய், இந்தக் கடைக்கு மட்டும் சினிமாக் கொட்டகை எழுத்து மாதிரி கோடும் நிழலும் வைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நீ கத்தினாய்: "டேய், அவன் எழுத்துக்கே தொப்பை வச்சு விளையாடுறியா? கன்னம் பழுத்துடும் லா!"

மறுநாளே, பக்கத்துக் கடைக்கு நாம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜப்பான் அதிகாரி வந்து அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்: "சியாப்பா துலிஸ் இனி?" யார் எழுதியது என்று. நான் குனிந்து பெயிண்ட் டப்பாவைக் கலக்கினேன். வீட்டில் என் மனைவி நிறைமாதம். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஓர் அறைதானே, வாங்கிக்கொள்வோம் என்று நினைத்திருப்பாய். "சாயா, துவான்" என்று முன்னால் போய் நின்றாய். நான்தான் ஐயா என்று.

அறை விழவில்லை. அவன் சிரித்தான். பாழாய்ப்போனவனுக்கு எழுத்து பிடித்துவிட்டது. சயாம் ரயில் பாதையில் பலகை எழுத ஆள் வேண்டுமாம், இந்தக் கைதான் வேண்டுமாம். காலையில் லாரி வருமாம், ஏற வேண்டுமாம். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அறைக்கு நீ போனாய், சரி. லாரிக்கு நான் அல்லவா போயிருக்க வேண்டும்? மறுநாள் ஏறும்போது நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய்: "மூணு மாசந்தானாம். புள்ளத்தாச்சிய விட்டுட்டு நீ எங்கடா வருவ? போ, போய் வீட்டப் பாரு." போய் வீட்டைப் பார்த்தேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவன்தான் சொன்னான்: "போர்டு எழுதுறவரா? மழையில வாந்திபேதி வந்துச்சே, அப்பவே போயிட்டாரு." அதற்கப்புறம் எந்த எழுத்துக்கும் நான் நிழல் வைத்ததில்லை. நிழல் வைக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது எனக்குத் தெரியாது என்றேன். அன்று வயிற்றில் இருந்தவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. எனக்கு எல்லாம் அலுத்துவிட்டதடா.

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சியாப்பா துலிஸ் இனி, அங்கிள்?" என்றாள். அதே கேள்வி. எதற்கு வம்பு, நடந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

"சாயா" என்றேன்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு சொல். இத்தனை வருஷம் சுமந்தேன். சொல்லியும் இறங்கவில்லையடா.