சுவருக்குள் இரண்டு தட்டு

ஜூன் 3, செவ்வாய்

அப்பா இன்றைக்கும் ஹாலை அளந்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பலகைத் தடுப்பை எடுத்துவிட்டால் ஹால் பழையபடி பதினெட்டு அடி. போன வாரம் அளந்தபோதும் பதினெட்டு அடிதான்.

"அடுத்த மாசம் ஆள் வரச் சொல்லியிருக்கேன். ஒரே நாள்ல உடைச்சு அள்ளிட்டுப் போயிடுவாங்க." சொன்னது என்னிடம், குரல் போனது சமையலறைக்கு. அங்கிருந்து பதில் இல்லை. சாப்பாட்டில் உப்பும் இல்லை. அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்துபோய் உப்பை எடுத்துவந்தார்.

அக்காவால் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது அவசரமாக எழுப்பிய தடுப்பு அது. ஹாலில் பாதி அவளுடைய அறையானது. அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கட்டில் மட்டும் இருக்கிறது, மெத்தை இல்லை. அம்மா தினமும் அந்த அறையைப் பெருக்குகிறாள். யாரும் நடக்காத தரையில் என்ன குப்பை சேரும்? இந்தச் சுவரை உடைக்கிற அன்று அம்மா என்ன ஆவாள்?

மாடித் தொட்டி மறுபடி நிரம்பி வழிந்தது. "உங்க வீட்டுக்கு மட்டும் தினம் மழை பெய்யுதா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

ஜூன் 4, புதன்

எழுதலாமா? எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

தடுப்பு தட்டுகிறது. எப்போதும் இல்லை, பெரும்பாலும் விளக்குப் போடுகிற நேரத்தில். டொக், டொக். குரல் அடங்கிப்போன பிறகு அக்கா விரல் முட்டியால் இப்படித்தான் இரண்டு தட்டுவாள், யாராவது போவோம்.

இன்று கேட்டபோது படித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தேன். அப்பா பேப்பரின் பக்கத்தைப் புரட்டவில்லை. அம்மா பின்வாசல் பக்கம் இருந்தாள். நான் படித்த பேய்க்கதைகளில் எல்லாம் சத்தம் கேட்டவர்கள் அலறுவார்கள். நிஜத்தில் கேட்காததுபோல உட்கார்ந்திருப்பதுதான் நடக்கும் போலிருக்கிறது.

அப்பாவுக்கும் கேட்டதா? அதை எப்படிக் கேட்பது?

ஜூன் 8, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் பிழை திருத்த வந்த வீட்டு அலங்காரப் புத்தகம் ஒன்றில், சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கர்கள் பற்றி ஒரு அத்தியாயம். செங்கல் சுவர் என்றால் குடைந்து மாளாது. உள்ளே வெற்றிடம் உள்ள பலகைச் சுவர் என்றால் அறுத்துப் பொருத்திவிடலாம். ஒற்றுப்பிழை பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட சுவர் ஒன்றே ஒன்றுதான்.

அப்பாவிடம் முன்பு ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. தடுப்பு வந்ததும் வைக்க இடமில்லாமல் யாருக்கோ கொடுத்துவிட்டார். அதிலிருந்து இந்த வீட்டில் பாட்டு இல்லை, படம் இல்லை.

இன்று காபி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"சுவரே போகப்போகுது, சுவர்ல ஸ்பீக்கரா?"

"சுவர் இருந்தாத்தான்ப்பா இந்த ஸ்பீக்கர்."

"உங்கம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"ம்."

அது மறுக்கிற 'ம்' இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள எத்தனை இஞ்ச் ஆழம் வேணுமாம்?" என்றார்.

ஜூன் 14, சனி

கடைக்குப் போனோம். கேட்டுப் பார்க்க ஒரு தனி அறை, தரையெல்லாம் கம்பளம். கடைக்காரர் இருட்டாக்கிவிட்டு ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். குண்டு வெடித்ததில் நாற்காலி அதிர்ந்தது. "எப்படி சார்?" என்றார், வெடித்ததே அவர்தான் என்பதுபோல.

"மனுஷங்க பேசுறது இருந்தா போடுங்க" என்றார் அப்பா.

"பேச்சு எதுல வேணா கேக்கும் சார். இந்த அடி இருக்கே..."

"மெதுவாப் பேசுறது. ரொம்ப மெதுவா."

கடைக்காரர் தேடி ஒன்றைப் போட்டார். படுத்திருக்கும் ஒருவர் தன் மகனிடம் ஏதோ முணுமுணுக்கிறார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வெவ்வேறு ஸ்பீக்கர்களில் அதே முணுமுணுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றில் மட்டும் அந்த ஆள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "இது" என்றார். வலம், இடம், பேச்சுக்கென்று நடுவில் ஒன்று. மேலே மூடும் வலைத்தகட்டுக்குச் சுவரின் நிறத்தையே அடித்துக்கொள்ளலாமாம், இருப்பதே தெரியாதாம்.

"சுவருக்கு அந்தப் பக்கம் யார் சார் இருக்காங்க? சத்தம் போகாம இருக்க உள்ள பஞ்சு அடைக்கணும், அதான் கேக்கறேன்."

"யாரும் இல்ல."



ஜூன் 15, ஞாயிறு

அம்மா: "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி இவ்வளவு விசாரிச்சிருப்பாரா இந்த மனுஷன்?" அப்பா விலைப்பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உன்னைத் திருப்பிக் குடுக்கற வசதி இல்லையே, விசாரிச்சு என்ன பண்றது" என்றார். அம்மா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று.

ஜூன் 21, சனி

பொருத்துகிறவர் வந்தார். பலகைக்குப் பின்னால் சட்டம் எங்கே ஓடுகிறது, வெற்றிடம் எங்கே என்று பார்க்க வேண்டும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, விரல் முட்டியால் தடுப்பைத் தட்டினார்.

டொக், டொக்.

"இதோ வந்துட்டேன்டா!"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. ஹாலைத் தாண்டி, அக்கா அறை வாசலில் ஒரு காலை வைத்துவிட்டாள். பிறகுதான் நின்றாள்.

 பொருத்துகிறவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "என்னம்மா, ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. நீ தட்டு" என்றாள் அம்மா.

அவர் அதற்குப் பிறகு தட்டவில்லை. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, அதைச் சுவரில் நகர்த்தி நகர்த்தி, ஆணி இருக்கும் இடங்களை வைத்தே சட்டத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வலப்பக்கத்து ஓட்டையை அறுத்து முடித்ததும் பொருத்துகிறவர் டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சார், இங்க தண்ணிக் குழாய் போகுதே?" என்றார். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாய். முன்பு ஹாலின் ஓரத்தில் வெளியே தெரியும்படி இருந்தது. தடுப்பு எழுப்பியவர்கள் அதையும் உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். மூடுவதற்காகக் கழற்றிய, குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்புகளைத் திரும்பப் போடவே இல்லை. குழாய் வெறுமனே ஆடிக்கொண்டு நிற்கிறது.

"மோட்டாரை நிறுத்துறப்ப தண்ணி அப்படியே பின்னாடி வந்து மோதும் சார். அப்ப குழாய் போய்ப் பலகையில அடிக்கும். உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கணுமே?"

அப்பா பின்வாசலுக்குப் போனார். மோட்டார் ஓடும் சத்தம், கொஞ்ச நேரத்தில் நின்றது. எங்கள் கண் எதிரே, அறுத்த ஓட்டைக்குள், குழாய் அசைந்து பலகையில் இடித்தது. டொக், டொக். மூன்றாவதாகச் சின்னதாய் ஒன்று.

அப்பா வந்து தரையில் உட்கார்ந்தார், மரத்தூள் மேலேயே.

"அவ பொய் சொல்லலை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சில மாலைகளில் தட்டுகிற சத்தம் கேட்டு ஓடினால் அக்கா, "நான் தட்டலையே" என்பாள். தொல்லை கொடுக்கிறோமே என்ற கூச்சத்தில் மறைக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா, "தட்டாட்டி என்ன, வந்தது வந்தேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அப்பா ஒருநாள் மட்டும் சத்தம் போட்டார். "வேணும்னா வேணும்னு சொல்லு. தட்டிட்டுத் தட்டலைங்காதே. வீட்ல எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிடும்." அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு நிஜமாகத் தேவைப்பட்டபோதும் அவள் அதிகம் தட்டவில்லை.

"தினம் தட்டுது சின்னவளே. ஒரு வருஷமா. நான் தட்டலைப்பா, நான் தட்டலைப்பான்னு. அதான் உடைச்சிடலாம்னு..."

அப்பா மரத்தூளைக் கையால் ஒதுக்கினார். பொருத்துகிறவர் டார்ச்சை அணைத்துவிட்டு, கிளாம்ப்பும் பஞ்சும் அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிக் கிளம்பினார். "இறுக்கியே ஆகணும்மா. இல்லேன்னா படத்துல வசனத்துக்கு நடுவுல தட்டும்" என்று வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இதெல்லாம் நடந்தபோது அம்மா சமையலறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

ஜூன் 23, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டி."

"எப்ப இருந்து?"

"அவ போன கொஞ்ச நாள்லயே. மோட்டாரை நிறுத்தினேன், தட்டுச்சு. மறுபடி போட்டு நிறுத்தினேன். மறுபடி தட்டுச்சு." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது. "அப்புறம் தொட்டியில தண்ணி இருந்தாலும் போடுவேன்."

வழிந்த தண்ணீர் எல்லாம் கண்முன் வந்தது. நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன், மறதி அதிகமாகிவிட்டது டாக்டரைப் பார்க்கலாம் என்று.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா வெறும் குழாய் ஆயிடும்."

அவளே தொடர்ந்தாள். "அவருக்குக் கேக்குதுன்னே எனக்குத் தெரியாது. எதையாவது முகத்துல காட்டுவாரா மனுஷன்? எனக்குத் துணையா இருந்தது அவரை இப்படி அறுத்துக்கிட்டு இருந்திருக்கு."

ஒரே சத்தம். ஒருவருக்கு அவள் வந்தாள், ஒருவரிடம் அவள் வாதாடினாள். எனக்கு? நான் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று மோட்டார் ஓடவில்லை. வீடு காதை அடைக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

விளக்குப் போடும் நேரம். பின்வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், "மோட்டாரை நிறுத்தப்போறேன்." இதற்கு முன் ஒருநாளும் சொல்லிவிட்டு நிறுத்தியதில்லை.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து அக்கா அறைக்குள் போய், மெத்தையில்லாத கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன்.

தட்டியது.

"நாளைக்கு இறுக்கிடச் சொல்லுங்க" என்றாள் அம்மா, பின்வாசலிலிருந்தபடியே. அப்பா ஹாலுக்குத் திரும்ப வெகுநேரம் ஆயிற்று.

ஜூன் 28, சனி

குழாய்க்கு நான்கு கிளாம்ப். வெற்றிடம் முழுக்கப் பஞ்சு. அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். "இவ்வளவும் அடைக்கணுமாப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். "ஆமாம்மா" என்றார். ஸ்பீக்கர்கள் மூன்றும் உள்ளே போய், ஸ்க்ரூவைத் திருகியதும் பின்னாலிருந்த பிடிகள் திரும்பிப் பலகையைக் கவ்விக்கொண்டன. வலைத்தகட்டுக்கு அப்பாவே பெயின்ட் அடித்தார். உடைக்க வரச் சொன்ன ஆளுக்குப் போன் போட்டு, "வேண்டாம், சுவர்ல வேலை நடக்குது" என்றதும் அவரேதான்.

சாயங்காலம் மோட்டார் நின்றபோது ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இப்போதெல்லாம் தொட்டி வழிவதில்லை. அம்மா நேரம் பார்த்துப் போட்டு, நேரம் பார்த்து நிறுத்துகிறாள். நிறுத்திவிட்டு ஒரு நொடி காத்திருக்கிறாள், அது மட்டும் போகவில்லை.

இன்று அப்பா படம் போட்டார். நான் மாடியில் இருந்தேன். கீழே யாரோ மெதுவாகப் பேசும் குரல், மூச்சு உட்பட. அவர் இன்னும் சத்தத்தைக் கூட்டிவைப்பதில்லை, அந்தப் பக்கம் ஒருத்தி தூங்குவதுபோல. பிறகு படம் நின்றது.

டொக், டொக்.

குழாயை இறுக்கியாயிற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பாதிப் படி இறங்கிய பிறகுதான் நான் ஓடுகிறேன் என்பதே உறைத்தது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து தடுப்பின் அருகே நின்றிருந்தார். வலைத்தகட்டுக்குப் பக்கத்தில், விரல் முட்டி இன்னும் சுவரில்.

"இதோ வந்துட்டேன்" என்றபடி அம்மா வந்தாள். அக்கா அறை வாசலுக்குப் போகவில்லை. நேராக அவரிடம் வந்தாள். "என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றார் அப்பா. "நான்தான் தட்டினேன்."