ஒரு மாதத்துக்கு எழுதிய மாத்திரை

மார்ச் 4
இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண்மணிக்கு ரத்தம் எடுக்க மூன்று முறை குத்தினேன். பதினாறு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. ஊசி பிடித்த கை தானாக ஆடியது. "வேற யாரையாவது வரச் சொல்லும்மா" என்றார், கோபமே இல்லாமல். அதுதான் சுருக்கென்றது.

மார்ச் 9
எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடமே காட்டினேன். வயதாகிறதாம். நாற்பத்து நாலு ஒரு வயதா? நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

ஏப்ரல் 2
காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். முகம் மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடக்கிறது. மகள் கேட்கிறாள்: "அம்மா, என்மேல கோவமா?"

ஏப்ரல் 11
என்னைப் பதிவு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 20
நாத்தனார் விடாப்பிடியாக நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் விழுங்குகிற மாத்திரைகளை எல்லாம் மேஜையில் வைக்கச் சொன்னார். ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, எதற்கு என்றார். தலைச்சுற்றலுக்கு என்றேன், இரண்டு வருடமாக.
"இத இத்தன நாள் சாப்பிடக் கூடாதும்மா. நடுக்கம் இதனாலதான்."
நிறுத்தச் சொன்னார். மெல்லச் சரியாகுமாம். முழுதாகவா என்றேன். உறுதி சொல்லவில்லை.

ஏப்ரல் 21
பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். முதல் சீட்டில் 'ஒரு மாதம்'. தலைச்சுற்றல் அந்த மாதமே நின்றுவிட்டது. அப்புறம் எட்டு சீட்டு — எட்டிலும் எங்கள் டாக்டரின் 'தொடரவும்'. ஒரு தடவையாவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாரா? அது கெடுத்ததைச் சரிக்கட்ட இன்னொரு மாத்திரை வேறு! நான் மட்டும் என்ன? ஆஸ்பத்திரிலயே வேல பாத்துக்கிட்டு ஒரு வார்த்த கேக்கல. கேட்டா தப்பா நெனப்பாரோன்னு பயம். என்ன எழவு மரியாத இது!

ஏப்ரல் 23
ஒன்பது சீட்டையும் எங்கள் டாக்டர் முன்னால் வரிசையாக வைத்தேன்.
"எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லையே."
"எனக்கு ஆச்சே, சார்."
அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார். நிர்வாகத்திடம் புகார் எழுதிக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கல். இருக்கட்டும், அதுவும் சாட்சிதான்.

ஜூலை 15
நடை தேவலை. கை பாதிதான். புகாருக்கு இன்னும் பதில் இல்லை.

அக்டோபர் 6
பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த பெரியவருக்குப் பேனா நிற்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்தார். அதே பட்டை. மூன்று வருடமாம். நானாக நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் டாக்டர் அறைக்கே அழைத்துப்போனேன். "இது இவருக்கு இன்னும் வேணுமான்னு பாருங்க, சார்." வெளியே போகும்படி நர்ஸ் ஜாடை காட்டினாள்.
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.