மாற்றாமல் விட்ட பாஸ்வேர்ட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அக்காவுக்கு முட்டிவலி தேவலை. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் அலமாரி நனைந்துவிட்டது. உன் புத்தகங்களை மட்டும் காப்பாற்றி வைத்தேன். அந்த அளவுக்காவது உனக்கு உபயோகப்பட்டேன்.

ஆபீசில் உன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். வந்த முதல் வாரமே, பாஸ்வேர்ட் எதுவும் நாம் எழுதும் கம்ப்யூட்டர் நிரலுக்குள் இருக்கக் கூடாது, தனியாகப் பூட்டி வைக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். இதையேதான் நீ இரண்டு வருஷம் தொண்டை வறளச் சொன்னாய். உனக்குப் 'பூட்டுச்சாமி' என்று பெயர் வைத்து ஆபீசையே சிரிக்க வைத்தவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் செய்து கொடுத்த அந்த மருத்துவமனை இணையதளத்தின் நிரலை வெளியார் பார்க்கும்படி திறந்துவிடச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்ட அன்று, நீ என் மேஜைக்கு வந்து, "அத்தான், உள்ள பாஸ்வேர்ட் ஏதாவது போட்டு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்லப்பா, தைரியமா திற" என்றேன். சோதனைக்காக ஒரே ஒரு நாள் போட்டிருந்தேன். மறுநாளே அந்த வரியை அழித்தேன், பாஸ்வேர்டை மாற்றவில்லை. நிரலோடு சேர்ந்தே திறக்கும் பழைய பிரதிகளில் அது அப்படியே கிடக்கும் என்பது எனக்குத் தெரியாததா? சோம்பேறித்தனம்தான். யாரோ அதைத் தோண்டியெடுத்து, நோயாளிகளின் விவரம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாம் எல்லாரும் ஒரே லாகின் கணக்கில் வேலை பார்த்ததால், பாஸ்வேர்டைப் போட்டது யார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்தது யார் என்று கேட்டார்கள். நீ கையைத் தூக்கினாய். என்னை ஒருமுறை பார்த்தாய். நான் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை போய், ஊரை விட்டே போனாய். "நீங்க வாங்கிக் குடுத்த வேலை. உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று என்னிடம் அழுதுவிட்டு, உன் அக்கா உன்னோடு பேச்சை நிறுத்தினாள். எட்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே அவள் சமைத்ததைத் தின்றேன். நீ அவளிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நேற்று மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அவர்கள் பாடு. இன்று காலை உன் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனில் உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, "என்னன்னு பேசுவேன், என்னன்னு பேசுவேன்" என்றபடி உட்கார்ந்திருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. என் போனை நீ எடுக்கவே வேண்டாம். ஆனால் அவளாகக் கூப்பிட மாட்டாள், அவளுக்குக் கூச்சம். நீயே ஒருமுறை கூப்பிடப்பா. நடந்ததைப் பேச வேண்டாம். "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவள் அழுதுகொள்வாள். நீ எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்